பாட்டின் பொருளில் பாதி பந்தலில்: களக்காட்டு வட்டாரத்திலிருந்து ஒரு பார்வை

சித்திரை பிறந்துவிட்டால் ஆவணி வரைக்கும் களக்காட்டைச் சுற்றி ஏதாவதோர் ஊரில் கோயில் கொடை விழா நடந்துகொண்டேயிருக்கும். மைக் செட்காரர் முதல் நாளே குழாயைக் கட்டிவிடுவார். விடியற்காலையில் எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, வெயில் ஏறினால் சினிமாப் பாட்டு, நடுநடுவே வரிப்பணம் பற்றிய அறிவிப்பு. மதியக் கொடைக்கு நையாண்டி மேளம் வரும். பந்தலில் வில்லுப்பாட்டு நடக்கும். சுடலைமாடன் கோயிலென்றால் மகுடம் கொட்டிக் கணியான் கூத்தும் உண்டு. ஒரே முற்றத்தில் இத்தனை பாட்டுகள் ஒலித்தாலும் சனங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி காது கொடுப்பதில்லை. குழாயில் அம்மன் பாட்டு ஓடும்போது பெண்கள் பொங்கல் பானையைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள். ஆண்கள் வாழைக்குலை கட்டுவார்கள். அதே அம்மனை வில்லிசைப் புலவர் வரத்துப்பாட்டுப் பாடி அழைக்கும்போது வேலை நின்றுவிடுகிறது. சாமியாடியின் உடம்பு நடுங்கத் தொடங்குகிறது.

இரண்டு பாட்டிலும் உள்ள சொற்களை எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாது. அம்மனின் பெயர்கள், அவள் இருக்கும் ஊர்கள், அவள் கையிலுள்ள சூலம், வரச் சொல்லும் வேண்டுதல் என்று இரண்டும் ஒரே சரக்கில் ஆனவை. பொருள் முழுக்கச் சொல்லிலேயே இருக்குமானால் இரண்டும் ஒரே விளைவைத் தரவேண்டும். தருவதில்லை என்பது கொடைக்குப் போன எவருக்கும் தெரியும்.

நம்மிடம் பாட்டு ஆய்வு என்ற பெயரில் பெருகியிருப்பவை பெரும்பாலும் வரி ஆய்வுகள். உவமை எப்படி, எதுகை எப்படி, இந்த வரியில் கவிஞர் எந்தச் சங்கப் பாட்டை நினைத்தார், அந்தச் சொல் ஆபாசமா இல்லையா என்று பட்டிமன்றங்களிலும் தொலைக்காட்சியிலும் பேசுகிறோம். அது தேவையான வேலைதான். ஆனால் மக்கள் பாட்டின் பொருளில் பாதியை அந்த வேலை தொடுவதேயில்லை. யார், யாரிடம், எங்கே, எப்போது, எந்தப் பயன் கருதிப் பாடினார்கள் என்பது பாட்டுக்கு வெளியே கிடக்கும் பின்னணித் தகவல் அன்று. அது பொருளின் உறுப்பு. களக்காட்டு வட்டாரத்தில் இன்றும் வழங்கும் சில பாட்டு மரபுகளைக் கொண்டு இதைக் காட்ட முடியும்.

முப்பத்துநான்கு உறுப்புகள்

இதைச் சொல்ல நாம் வெளியே போக வேண்டியதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறது. அவற்றில் 26 முதலில் வருபவை. அம்மை, அழகு முதலான எட்டு வனப்புகள் அடுத்து வருபவை. மாத்திரை, அசை, சீர், அடி, தொடை என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்தவை இந்த வரிசையின் தொடக்கம் மட்டுமே. போகப் போகக் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பவையும் உறுப்புகளாக எண்ணப்படுகின்றன. சீரும் அடியும் எந்த அளவுக்குச் செய்யுளின் பகுதியோ, அந்த அளவுக்குக் கேட்பவரும் இடமும் பொழுதும் செய்யுளின் பகுதி என்பது இந்த வரிசையின் உட்கிடை.

முன்னம் என்பதற்குத் தொல்காப்பியர் தரும் விளக்கம் இன்றைய மொழியியலாளர் எவருக்கும் உடன்பாடாகும். இந்த இடத்தில் இந்தப் பேச்சை இன்னார் இன்னாரிடம் பேசுவது பொருந்தும் என்று அறிந்து, அதற்கேற்பப் பொருள் கொள்வது முன்னம். எட்டு வனப்புகளுள் ஒன்றான புலன் என்பதும் நமக்கு வேண்டியதே. தெருவில் வழங்கும் பேச்சில் அமைந்து, ஆராய்ந்து தெளிய வேண்டாமல் கேட்டதும் பொருள் தோன்றுவது புலன். மக்கள் பாட்டைப் பற்றிய மிகப் பழைய இலக்கணக் குறிப்பாக இதைக் கொள்ளலாம்.

புலனையும் முன்னத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முரண் தென்படும். மக்கள் பாட்டின் பொருள் ஆராயாமலே தெரியும் என்கிறது ஒன்று. யார், யாரிடம், எங்கே என்று தெரியாமல் பொருள் கொள்ள முடியாது என்கிறது மற்றொன்று. முரண் மேலோட்டமானது. பந்தலில் உட்கார்ந்திருப்பவர் ஆராய வேண்டியதில்லை; முன்னம் அவருக்குக் கூடவே கிடைக்கிறது. பந்தலுக்கு வெளியே அச்சுப் புத்தகத்தை வைத்துக்கொண்டிருப்பவர்தான் ஆராய்ந்தாக வேண்டும்.

ஐரோப்பிய மொழியியல் இந்த இடத்துக்கு வெகு காலம் கழித்தே வந்து சேர்ந்தது. டிரோபிரியாண்டுத் தீவுகளில் களப்பணி செய்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, நேர்வுச் சூழல் தெரியாமல் அத்தீவினரின் பேச்சை விளக்கவே முடியாது என்று 1923-இல் எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டு மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின், சில சொற்கள் செய்தி சொல்வதோடு நிற்காமல் செயலையே செய்துவிடுகின்றன என்று 1955-இல் ஹார்வர்டில் உரையாற்றினார். அவர் மறைவுக்குப் பின் 1962-இல் அது நூலாயிற்று. சத்தியம் செய்வதும் வாழ்த்துவதும் சாபமிடுவதும் அவ்வகை. கொடைப் பந்தலுக்கு இது பொருந்துவதுபோல் வேறெதற்கும் பொருந்தாது.

படர்க்கையிலிருந்து தன்மைக்கு

வில்லுப்பாட்டின் அமைப்பைப் பார்ப்போம். நீண்ட வில்லின் நடுப்பகுதி மண்குடத்தின் மேல் கிடக்கும். நாணை வீசுகோலால் அடித்துத் தலைமைப் புலவர் பாடுவார். வில்லில் கட்டிய மணிகள் கூடவே ஒலிக்கும். உடுக்கு, தாளம், கட்டை ஆகியவை துணை. வலப்பக்கமும் இடப்பக்கமும் பின்பாட்டுக்காரர்கள் இருப்பார்கள். காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டு வளம், கதை, இறுதியில் வாழி என்பது வரிசை. பாட்டு வரும்போது நடை சற்றே செய்யுளை ஒட்டியிருக்கும். பாட்டுக்கு நடுவே விளக்கம் சொல்லும்போது புலவர் சுத்தமான நெல்லைப் பேச்சுக்கு இறங்கிவிடுவார். பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போட்டுக்கொண்டே போவார்.

இந்த ‘ஆமா’வை வெறும் இட்டுநிரப்பி என்று தள்ளிவிடக் கூடாது. புலவர் சொல்வதை ஏற்றுக்கொண்டோம், மேலே சொல்லும் என்று கூட்டத்தின் சார்பில் ஒருவர் கையெழுத்துப் போடுவது அது. கேட்போர் என்ற உறுப்பு மேடையிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அச்சிட்ட கதைப்பாடல் புத்தகங்களில் முதலில் காணாமல் போவதும் இந்த ‘ஆமா’தான்.

இதைவிட முக்கியமானது ஓர் இரவில் நடக்கும் இட மாற்றம். இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று சொல்கிறோமே, அந்த இடம். கதையின் பெரும்பகுதியில் தெய்வம் படர்க்கை. பிறந்தது, வளர்ந்தது, கொலையுண்டது, கயிலாயம் போனது, வரம் வாங்கி வந்தது எல்லாம் வேறெங்கோ, வேறெப்போதோ நடந்தவை. படைப்பு வைத்து, பந்தம் கொளுத்தி, மேளம் நெருக்கும்போது புலவர் வரத்துப்பாட்டுக்கு வருகிறார். இப்போது தெய்வம் முன்னிலை. நேரே விளித்து வரச் சொல்கிறார். சற்று நேரத்தில் சாமியாடிக்கு அருள் வந்து குறி சொல்லத் தொடங்கும்போது தெய்வம் தன்மையில் பேசுகிறது: நான் வந்திருக்கேன், எனக்குக் குறை வச்சிட்டிய, அடுத்த வருசம் பார்த்துக்கிடுதேன்.

கதையில் இறந்த காலமாக இருந்தது வரத்துப்பாட்டில் ஏவலாகவும், குறியில் நிகழ்காலமாகவும் எதிர்காலமாகவும் மாறுகிறது. இடமும் காலமும் மாறும் இந்த நகர்வுதான் கொடையின் சாரம். கதையைத் தனியாகவும் வரத்துப்பாட்டைத் தனியாகவும் குறியைத் தனியாகவும் படிப்பவருக்கு இது அகப்படாது. குழாயில் ஓடும் அம்மன் பாட்டிலும் முன்னிலை உண்டு, விளியும் உண்டு. ஆனால் அதற்கு முன்னே படர்க்கையில் கதையும் இல்லை, பின்னே தன்மையில் பதில் சொல்ல ஆளும் இல்லை. அழைப்பு அங்கே அலங்காரமாக நின்றுவிடுகிறது.

வில்லுப்பாட்டைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் வெளியிட்ட நூலில், தெய்வமாகப் பிறந்தோர் கதைகளையும் மனிதராகப் பிறந்து செத்துத் தெய்வமானோர் கதைகளையும் வேறு வேறாக வைத்துப் பார்க்கிறார். ஏட்டில் இரண்டும் கதைப்பாடல்கள்தாம். நிகழ்த்தும்போது இரண்டும் நடந்துகொள்ளும் விதமே வேறு. கொலையுண்டவர் கதைக்குக் கூட்டம் கொடுக்கும் கவனமும் அச்சமும் தனி.

பயன் என்பதைக் கைமாற்ற முடியுமா?

களக்காட்டுக்குத் தெற்கே திருக்குறுங்குடி. அழகிய நம்பி கோயிலில் கார்த்திகை மாத வளர்பிறை ஏகாதசி இரவில் கைசிக நாடகம் நடக்கிறது. வழக்கொழியும் நிலைக்கு வந்திருந்த இதை 1990-களின் இறுதியில் பேராசிரியர் சே. இராமானுஜமும் நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் உள்ளூர்க் கலைஞர்களோடு சேர்ந்து மீட்டெடுத்தார்கள். கதை வராக புராணத்தைச் சேர்ந்தது. பராசர பட்டர் அதற்கு மணிப்பிரவாள உரை எழுதியிருக்கிறார்.

தாழ்த்தப்பட்ட பாணர் குலத்து நம்பாடுவான் நள்ளிரவில் நம்பியைப் பாடப் போகிறான். வழியில் பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். பாடிவிட்டுத் திரும்பி வந்து உனக்கு இரையாகிறேன், வராவிட்டால் இன்னின்ன பாவம் செய்தவன் போகும் கதிக்குப் போவேன் என்று நம்பாடுவான் அடுக்கடுக்காக 18 சத்தியங்கள் செய்கிறான். ராட்சசன் விடுகிறான். பாடி முடித்துச் சொன்னபடியே திரும்பி வந்தவனிடம் ராட்சசன், உன்னைத் தின்னவில்லை, நீ பாடிய பாட்டின் பலனைக் கொடு என்று கேட்கிறான். கைசிகப் பண்ணில் பாடியதன் பலனைப் பெற்றுச் சாபம் நீங்குகிறான்.

பாட்டின் பொருளைப் பற்றி இவ்வளவு கூர்மையாகச் சிந்திக்கும் கதை குறைவு. நம்பாடுவானுடைய சத்தியங்கள் எதையும் வருணிக்கவில்லை. அவனைக் கட்டுகின்றன, ராட்சசனின் பிடியைத் தளர்த்துகின்றன. ஆஸ்டின் சொன்ன செயற்சொல்லுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. அடுத்து, ராட்சசன் கேட்பது பாட்டின் வரிகளையோ அவற்றுக்கு விளக்கத்தையோ அல்ல. அவன் கேட்பது பயன். ஒருவன், ஓர் இரவில், ஒரு சன்னதியின் முன்னே பாடியதால் உண்டான பயன் மற்றொருவனுக்குக் கொடுக்கக் கூடிய பொருளாகக் கருதப்படுகிறது. அதே பாட்டை ராட்சசனே பாடிக்கொண்டால் அது கிடைத்திராது. தொல்காப்பிய வரிசையில் பொருள் ஒரு தனி உறுப்பு, பயன் ஒரு தனி உறுப்பு. இரண்டையும் குழப்பக் கூடாது என்பதை மேடையில் நடித்துக் காட்டுகிறார்கள்.

செருப்பு சொல்லும் சாட்சி

நேர்வு மாறினால் பொருள் மாறும் என்பதன் வேறொரு பக்கத்தை முத்துப்பட்டன் கதை காட்டுகிறது. அந்தணர் குலத்து முத்துப்பட்டன் அண்ணன்மாரோடு பிணங்கிப் போய், திரும்பும் வழியில் பாபநாசம் மலைக்காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கையைக் காண்கிறான். அவர்கள் சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மகள்கள். பெண் வேண்டுமானால் பூணூலையும் குடுமியையும் விட்டுச் செருப்புத் தைக்க வேண்டும் என்கிறான் வாலப்பகடை. பட்டன் அப்படியே செய்து மணமுடிக்கிறான். மாமனாரின் மாட்டுக் கிடையைக் காக்கப் போய்த் திருடர்களால் கொல்லப்படுகிறான். பெண்கள் உடன்கட்டை ஏறுகிறார்கள்.

களக்காட்டை அடுத்த நாங்குநேரியில் 1917-இல் பிறந்த நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தார். மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் வெளியிட்டது. நெல்லை ஆய்வுக் குழுவை 1967-இலும் ‘ஆராய்ச்சி’ இதழை 1969-இலும் தொடங்கியவர் அவர். பிற்காலத்தில் பரவிய வடிவங்களில் ஒரு திருப்பம் சேர்ந்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். அந்தப் பெண்கள் உண்மையில் அந்தணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்பதே அந்தத் திருப்பம். சாதி மீறிய மணத்தைச் செரித்துக்கொள்ள முடியாதவர்கள் செய்த பிற்சேர்க்கை இது என்பது அவர் முடிவு.

மொழியியல் நோக்கில் இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. பிறப்பைப் பற்றிய அந்தச் சிறு பகுதியைச் சேர்த்தால் போதும். மற்ற எந்த வரியையும் தொட வேண்டியதில்லை. பட்டன் பூணூலைக் கழற்றும் வரி அப்படியே இருக்கும். செருப்புத் தைக்கும் வரி அப்படியே இருக்கும். ஆனால் முன்பு துறப்பாக இருந்தது இப்போது அறியாமையால் விளைந்த வீண் சிரமம் ஆகிவிடுகிறது. வாலப்பகடை விதித்த நிபந்தனை முன்பு ஒரு தகப்பனின் தன்மானம். இப்போது உண்மையை மறைத்தவனின் விளையாட்டு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடியில், பேசாமலே எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கும் செய்தி ஒன்று கிடக்கிறது. அதை மாற்றிவிட்டால் மேலே உள்ள வாக்கியங்கள் சொல் மாறாமலே பொருள் மாறும். வரிகளை மட்டும் ஒப்பிடும் ஆய்வு, இரண்டு வடிவங்களும் ஏறக்குறைய ஒன்றே என்று தவறாகத் தீர்ப்புச் சொல்லிவிடும்.

ஏடு மாறியபோதும் மாறாமல் நின்றது சடங்கு. காரையாற்றில் சொரிமுத்து ஐயனார் கோயில் இருக்கிறது. களக்காடு, முண்டந்துறைச் சரணாலயங்களை இணைத்து 1988-இல் அமைத்த புலிகள் காப்பகத்துக்குள் வரும் இக்கோயிலில் ஆடி அமாவாசைக்குப் பெருங்கூட்டம் கூடும். அங்கே முத்துப்பட்டன் தெய்வமாக நிற்கும் பட்டவராயன் சன்னதியில் மக்கள் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். காணிக்கைச் செருப்பை அவர் போட்டு நடப்பதால் அது தேய்கிறது என்பது நம்பிக்கை. கோயிலுக்குள் செருப்பு நுழையக் கூடாது என்ற பொது விதியைத் தலைகீழாக்கும் இந்தக் காணிக்கை, பட்டன் செருப்புத் தைத்ததைப் பெருமைக்குரிய செயலாகவே இன்றும் நிறுத்தி வைத்திருக்கிறது. அச்சு வடிவம் மழுப்பப் பார்த்த பொருளுக்குக் களன் சாட்சியாக நிற்கிறது.

பந்தலை விட்டு வெளியேறிய பாட்டு

வில்லுப்பாட்டு கோயிலை விட்டு வெளியேறி நெடுங்காலம் ஆகிறது. வில்லிசை வழி வளர்ந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அதைச் சினிமாவுக்கும் பொது மேடைக்கும் கொண்டுபோனார். நெல்லையை அடுத்த சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து கலைவாணரோடு பணியாற்றிய சுப்பு ஆறுமுகம், காந்தி கதை முதல் அரசுத் திட்டப் பிரசாரம் வரை எதையும் வில்லில் ஏற்ற முடியும் என்று காட்டினார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 2022-இல் காலமானார். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-இல் தொடங்கியபின் வில்லிசை வீட்டுக்குள்ளேயே வந்தது.

இந்த வெளியேற்றத்தில் வில், குடம், உடுக்கு, ‘ஆமா’ எல்லாம் கூடவே போயின. வரத்துப்பாட்டும் குறியும் போகவில்லை. படர்க்கையில் கதை சொல்வது மட்டும் மிஞ்சியது. முன்பு கூட்டத்தின் ஒப்புதலாக இருந்த ‘ஆமா’ இப்போது நகைச்சுவைக்கான தாங்குகட்டை ஆயிற்று. இதைச் சீரழிவு என்று புலம்ப வேண்டியதில்லை. அதே உறுப்பு வேறு களனில் வேறு பொருள் பெற்றது என்பதுதான் நடந்தது.

சினிமாப் பாட்டில் இது இன்னும் சிக்கலாகிறது. சினிமாப் பாட்டுக்கு இரண்டு களன்கள். திரையில் யார் யாரிடம் பாடுகிறார்கள் என்பது முதலாவது. படம் மறந்து பாட்டு மட்டும் கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் கொடையிலும் ஒலிப்பது இரண்டாவது. எல். ஆர். ஈஸ்வரியின் குரலையே எடுத்துக்கொள்வோம். ஒரு தலைமுறை சினிமாவில் அந்தக் குரலை விடுதி நடனப் பாட்டுகளில் கேட்டது. அதே குரல் ஆடி மாதத்தில் அம்மனுக்கு உகந்த குரலாக விடியற்காலையில் ஒலிக்கிறது. கேட்பவர் எவரும் குழம்பவில்லை. குரலுக்கென்று நிலையான பொருள் கிடையாது; இடமும் பொழுதும் அதைக் கொடுக்கின்றன.

எல்லா மாற்றமும் இப்படி இதமாக முடிவதில்லை. 1992-இல் வந்த ‘தேவர் மகன்’ படத்துப் பாட்டு ஒன்று, திரையில் ஒரு குடும்பத் தலைவரைப் புகழ்வது. தென் மாவட்டத் தெருக்களில் அது சாதிப் பெருமையின் அடையாளமாக ஒலித்தது. அந்தப் படம் தம்மிடம் உண்டாக்கிய வலியைப் பற்றி இயக்குநர் மாரி செல்வராஜ் 2023-இல் ‘மாமன்னன்’ விழா மேடையில் வெளிப்படையாகப் பேசினார். கோயில் விழாக்களில் ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி தரும்போது, சாதி, மதம், கட்சி சார்ந்த பாட்டுகள் கூடாது என்ற நிபந்தனையை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை விதித்துவந்திருக்கிறது. காவல்துறைக்கு இதில் உள்ள சங்கடம் மொழியியல் சங்கடம். சாதியின் பெயரே வராத பாட்டும், எந்தத் தெரு முனையில், யார் வீட்டை நோக்கி, எந்த நேரத்தில் குழாய் வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்துச் சாதிப் பாட்டாகிவிடும். வரியைத் தணிக்கை செய்து இதைத் தடுக்க முடியாது. அந்தப் பாட்டைப் போட்டவரும் முன்னம் அறிந்தவர், கேட்டுக் கொதிப்பவரும் முன்னம் அறிந்தவர்.

இதே மண்ணின் முன்னத்தைத் திரைக்குள் கொண்டுவரும் முயற்சியும் உண்டு. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் (2018) கொல்லப்பட்ட வேட்டை நாயை விளித்துப் புலம்பும் பாட்டு வருகிறது. செத்தவரை முன்னிலையில் விளித்துப் பேசுவது ஒப்பாரியின் இலக்கணம். அதை நாய்க்குப் பொருத்தும்போது, இந்தச் சாவு யாருடைய சாவு என்ற கேள்வி கேட்பவர் மனத்தில் தானாக எழுகிறது. ஒப்பாரி கேட்டு வளர்ந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. அவருக்கு அது புலன். மற்றவர்களுக்குக் கதை முடிகிறபோதுதான் அது பிடிபடும்.

என்ன பதிவு செய்வது?

பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை போன்றவை, பாட்டை அதன் நிகழ்த்தலோடு சேர்த்துப் பதிவு செய்யும் வழக்கத்தை இப்பகுதியில் வளர்த்திருக்கின்றன. ஆனால் இன்று கைபேசியில் கொடையைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றுபவர்களும், சினிமாப் பாட்டுகளின் வரிகளைத் தொகுப்பவர்களும் குவிப்பது பெரும்பாலும் சொற்களையும் மெட்டுகளையும் மட்டுமே. எழுத்து வடிவில் உள்ள பாட்டுகளை வைத்துத் தமிழைக் கற்கும் கணினிக்கும் அந்தச் சொற்களே கிடைக்கும்.

தொகுப்பவர் ஒவ்வொரு பாட்டுக்கும் ஐந்து குறிப்புகள் எழுதினால் போதும்: பாடியவர் எந்த நிலையில் நின்று பாடினார், யாரை நோக்கிப் பாடினார், எந்த இடம், என்ன பொழுது, பாடியதால் என்ன நடக்க வேண்டுமென்று கூடியிருந்தவர்கள் எண்ணினார்கள். கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்று இவற்றுக்குப் பெயரும் தயாராக இருக்கிறது. இந்த ஐந்தும் இருந்தால் ஆறாவதான முன்னத்தை வாசகர் தாமே எட்டிவிடுவார். இவை இல்லாமல் சேர்த்த பாட்டு எத்தனை ஆயிரம் இருந்தாலும், முத்துப்பட்டன் துறந்தானா ஏமாந்தானா என்ற கேள்விக்கு அவற்றால் பதில் சொல்ல முடியாது.